செகண்ட் லைஃபில் 500 ரூபாய்க்குள் ஒரு நம்மூர்ப் பெண்

வீரவநல்லூரில் வீட்டு முன்னறையில் இரண்டு மெஷின் போட்டு ஜாக்கெட்டும் சுடிதாரும் தைக்கிறேன். 2021-ல் கல்யாணங்கள் எல்லாம் வீட்டுக்குள்ளேயே சுருங்கி, மெஷின் மேல் துணி போர்த்தி வைத்திருந்த மாதங்களில், ஊருக்கு வந்திருந்த அண்ணன் மகள் தன் லேப்டாப்பில் செகண்ட் லைஃபைத் திறந்து காட்டினாள். அன்றிலிருந்து வேலை முடிந்த பிறகு ராத்திரி ஒரு மணி நேரம் எனக்கு அங்கேதான்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். செகண்ட் லைஃப் என்பது லிண்டன் லேப் என்ற அமெரிக்க நிறுவனம் 2003-ல் தொடங்கிய இணைய உலகம். அங்கே ஜெயிப்பது தோற்பது ஒன்றும் கிடையாது. ஓர் உருவத்தை எடுத்துக்கொண்டு நடக்கலாம், பேசலாம், கடை பார்க்கலாம், வீடு கட்டலாம். அந்த உருவத்தைத்தான் அவதார் என்கிறார்கள். கணக்கு தொடங்கக் காசில்லை. ஆனால் உருவத்தை அழகாக்கப் போனால் பணம் தண்ணீராய் ஓடும். நான் மொத்தமே 500 ரூபாய்தான் போட்டேன். செடிபுட்டா சேலை, நெற்றியில் பொட்டு, கொண்டையில் பிச்சிப்பூ என்று ஒரு நம்மூர்ப் பெண்ணை நிற்க வைத்துவிட்டேன். அதை எப்படிச் செய்தேன் என்று எழுதுகிறேன்.

முதல் நாள் நான் நேராகத் துணிக்கடைக்குத்தான் போனேன். அண்ணன் மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தவள் சொன்னாள்: "அத்தை, துணி இருக்கட்டும். மொதல்ல அந்த நடையை மாத்துங்க. வாத்து போற மாதிரி போறீய."

அவள் சொன்னது எனக்குச் சட்டென்று பிடிபட்டது. என் கடைக்கு வருகிற பெண்கள் ஒரு ஜாக்கெட்டைக் கையில் எடுத்தால் லேஸையும் கண்ணாடி வேலையையும் பார்ப்பார்கள். நான் கைக்குழியைப் பார்ப்பேன். கைக்குழி சரியில்லை என்றால் மேலே எத்தனை ஆயிரத்துக்கு வேலை செய்திருந்தாலும் போட்டவுடன் இழுக்கும். அவதாரும் அப்படித்தான். கழுத்து தலையோடு சேரும் இடம், முடி நெற்றியோடு சேரும் இடம், பாதம் செருப்போடு சேரும் இடம், அப்புறம் நிற்கிற நிலை. இந்த நாலும் சரியாக இருந்தால் இலவசத் துணியே எடுப்பாக இருக்கும். இந்த நாலில் ஒன்று பிசகினாலும் விலை உயர்ந்த துணி வீண். அதனால் கையில் இருக்கிற காசை இந்தச் சேர்மானத்துக்கு முதலில் ஒதுக்குங்கள். துணி கடைசி.

காசுக் கணக்கு

அங்கே புழங்கும் பணம் லிண்டன் டாலர். ஓர் அமெரிக்க டாலருக்கு ஏறத்தாழ 250 லிண்டன். நம் கணக்கில் ஒரு ரூபாய்க்கு மூன்று லிண்டன் என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும். வாங்கும் ஒவ்வொரு முறையும் தனியாக ஒரு கட்டணம் பிடிக்கிறார்கள். ஆகையால் 50 ரூபாய், 100 ரூபாய் என்று சில்லறையாக வாங்கினால் கட்டணமே காசைத் தின்றுவிடும். நான் 500 ரூபாயை ஒரே தடவையாகப் போட்டேன். கட்டணம் போக ஆயிரத்துச் சொச்சம் லிண்டன் வந்தது. பணம் போடும் முன் உங்கள் வங்கிச் செயலியில் கார்டுக்கு வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவிடுங்கள். வேலை முடிந்ததும் மறக்காமல் மூடிவிடுங்கள்.

ஆயிரம் லிண்டனுக்கு என்ன வரும்? பேர் பெற்ற கடைகளில் ஓர் உடலே 2,000 முதல் 5,000 லிண்டன். தலை தனி, அதுவும் ஆயிரக்கணக்கில். ஒரு கவுன் 200, 300. இப்படிப் பார்த்தால் நம் காசு ஒரு கால் வாங்கக்கூடப் பத்தாது. அதனால்தான் உடலும் தலையும் இலவசமாக வாங்க வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

உடல்தான் அளவு ஜாக்கெட்

இது மிக முக்கியம், பொறுமையாகப் படியுங்கள்.

செகண்ட் லைஃபின் பழைய உடல் ஒரே அச்சு. எல்லாத் துணியும் அதன் மேல் வண்ணம் பூசினது போல் ஒட்டும். 2011-ல் மெஷ் வந்தது, அதாவது வெளியே கணினியில் செய்த முப்பரிமாண வடிவங்களை உள்ளே கொண்டுவரும் வசதி. அதன் பிறகு வெளிக் கடைக்காரர்கள் தாங்களே உடல் செய்து விற்க ஆரம்பித்தார்கள். ஒவ்வோர் உடலுக்கும் தோள் வேறு, இடுப்பு வேறு, மார்பு வேறு. துணி தைக்கிறவர்கள் ஓர் உடலின் அளவுக்கு என்றே தைக்கிறார்கள். மைத்ரேயா என்ற உடலுக்குத் தைத்தது ரீபார்ன் என்ற உடலுக்குச் சேராது. நிஜத்தில் என்றால் நான் இரண்டு பக்கமும் பிடித்துத் தைப்பேன், இல்லையென்றால் உள்ளே விட்ட துணியைப் பிரித்து விடுவேன். அங்கே பிடிக்கவும் முடியாது, விடவும் முடியாது. தோல் துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரியும்.

ஆகவே எந்த உடல் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். வாடிக்கையாளர் அளவு ஜாக்கெட் கொண்டு வராமல் துணியை மட்டும் நீட்டினால் நான் கத்தரிக்கோலைத் தொடுவதில்லை. நீங்களும் உடல் முடிவாகாமல் ஒரு ரிப்பன்கூட வாங்காதீர்கள்.

காசில்லாத உடல்கள் இருக்கின்றன. லிண்டன் லேப் 2023-ல் சென்ரா என்ற பேரில் மெஷ் உடல்களை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தது. பலர் சேர்ந்து திறந்த முறையில் செய்த ரூத்2, ராத்2 என்ற உடல்களும் உண்டு, முன்னது பெண், பின்னது ஆண். இவற்றில் உள்ள ஒரே குறை, இவற்றுக்கென்று தைத்த துணி குறைவு. கடைக்காரர்கள் தங்கள் குழுவில் சேர்கிறவர்களுக்கு உடலையோ தலையையோ பரிசாகக் கொடுப்பதும் உண்டு. லெலுட்கா என்ற தலைக் கடை சில டிசம்பர் மாதங்களில் முழுத் தலையையே பரிசாகக் கொடுத்திருக்கிறது. நான் தலைக்காக மூன்று மாதம் பழைய முகத்தோடு காத்திருந்தேன். காத்திருந்தது வீண் போகவில்லை. உடலை, 150 லிண்டன் கொடுத்து ஒரு குழுவில் சேர்ந்து, அதன் பரிசாக எடுத்தேன்.

எதை எடுப்பது என்று தடுமாறினால் இப்படிச் செய்யுங்கள். செகண்ட் லைஃபின் சந்தைத் தளமான மார்க்கெட்ப்ளேஸில், உங்களுக்குக் கிடைக்கக்கூடிய இரண்டு உடல்களின் பேரையும் தனித்தனியாகத் தேடி, விலையை 0 முதல் 10 என்று வையுங்கள். எந்த உடலுக்கு உங்களுக்குப் பிடித்த மாதிரித் துணி நிறைய வருகிறதோ அதை எடுங்கள். தேடும்போது டெமோக்கள் வந்து குவியும். தேடும் சொல்லுக்குப் பின்னால் ஆங்கிலத்தில் 'நாட் டெமோ' என்று சேர்த்தால் பெரும்பாலும் ஒதுங்கிவிடும்.

டெமோ என்பது போட்டுப் பார்க்கக் கொடுக்கும் மாதிரி. விலை சுழியம், இல்லையென்றால் ஒரு லிண்டன். துணியைச் சுற்றி டெமோ என்று எழுத்து மிதக்கும், அவ்வளவுதான். தொடங்கின புதிதில், பாதி விலை என்ற பலகையைப் பார்த்து டெமோ போடாமல் 199 லிண்டனுக்கு ஒரு மேல்சட்டை வாங்கினேன். அது வேறோர் உடலுக்குத் தைத்தது. திரும்பக் கொடுக்க வழியில்லை. அதை இன்றும் வைத்திருக்கிறேன், போட்டதில்லை. டெமோ போட்டதும் நின்று பார்த்தால் போதாது. உட்காருங்கள், கையைத் தூக்குகிற நடனம் ஏதாவது ஆடுங்கள். அக்குளிலும் முழங்காலுக்குப் பின்னாலும்தான் கிழிசல் தெரியும்.

நிறமும் கழுத்தும்

2019 ஆகஸ்டில் பேக்ஸ் ஆன் மெஷ் என்ற வசதி வந்தது. சுருக்கமாக பாம் என்பார்கள். தோல், பச்சை குத்தல், உள்ளாடை என்று பழைய உடலில் ஒட்டும் அடுக்குகள் எல்லாம் மெஷ் உடலிலும் ஒட்டும்படி செய்துவிட்டார்கள். ஏழைக்கு இது பெரிய கொடை. பழைய இலவசத் தோல்கள் எல்லாம் பாம் உடலில் வேலை செய்யும்.

நம் நிறத்துக்குத் தோல் தேடுவது கொஞ்சம் சிரமம். பல கடைகளில் வெளிர் நிறத்தில் எட்டு வகை இருக்கும், கறுப்பில் இரண்டு இருக்கும். மாநிறம் என்று நாம் சொல்வது நடுவில் எங்கேயோ மாட்டிக்கொள்ளும். நான் கண்ட வழி, முகத்துக்கும் உடலுக்கும் ஒரே கடைத் தோலை, ஒரே நிற எண்ணில் எடுப்பது. முகத்தோல் ஒரு கடை இலவசம், உடல் தோல் இன்னொரு கடை இலவசம் என்று சேர்த்தால் கழுத்தில் கயிறு கட்டினது போல் ஒரு கோடு தெரியும். இந்த இடத்தில் காசு செலவு செய்யத் தயங்காதீர்கள். நான் 99 லிண்டன் கொடுத்துச் சலுகை நாளில் வாங்கினேன். இன்னொன்று, லெலுட்காவின் புதிய தலைகளுக்கு எவோ எக்ஸ் என்று போட்ட தோல்தான் சேரும். அதைப் பார்க்காமல் வாங்கினால் கண் ஒரு பக்கம் புருவம் ஒரு பக்கம் என்று போய்விடும்.

கோடு பிறகும் லேசாகத் தெரிந்தால் தலையின் ஹட்டைத் திறங்கள். ஹட் என்பது திரையில் மட்டும் தெரிகிற பொத்தான் பலகை. நீங்கள் போட்டிருப்பது எந்த உடல் என்று சொல்கிற இடம் அதில் இருக்கும். சரியான பேரைத் தொட்டால் கழுத்தின் அகலம் ஒட்டிக்கொள்ளும்.

உயரத்துக்கு ஒரு வார்த்தை. அங்கே பெண்கள்கூட இரண்டு மீட்டருக்கு மேல் நிற்கிறார்கள். என் உயரம் 155 சென்டிமீட்டர். அதையே வைத்துப் பார்த்தேன். மற்றவர்கள் பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தெரிந்தது. பெரியவர்களுக்கு மட்டும் என்ற இடங்களில் சின்ன உருவத்தை உள்ளே விடவும் மாட்டார்கள். 170-ல் நிறுத்திக்கொண்டேன். கையின் நீளத்தையும் தலையின் அளவையும் அதற்கேற்பத் திருத்துங்கள். திருத்தும் முன் ஷேப்பை, அதாவது இந்த அளவுகள் எல்லாம் அடங்கிய பொருளை, ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

நடை

என் அண்ணன் மகள் சொன்ன வாத்து நடைக்கு மருந்து ஏஓ. அசைவுகளை மாற்றும் கருவி. இலவச ஏஓக்கள் ஏராளம். செகண்ட் லைஃபுக்குள் போக உதவும் மென்பொருளை வியூவர் என்பார்கள். ஃபயர்ஸ்டார்ம் என்ற வியூவரை இறக்கிக்கொண்டால் அதற்குள்ளேயே ஏஓ ஓட்டும் வசதி இருக்கிறது, தனியாகக் கருவி மாட்ட வேண்டாம். நான் எடுத்த இலவசத் தொகுப்பில் 20 நிலைகள் இருந்தன. இடுப்பை ஒடித்து, தலையைச் சாய்த்து நிற்கும் நிலைகள் எல்லாம் மேடை அழகிகளுக்கு. சேலைக்கு அது ஒவ்வாது. கையைக் கோத்து நிற்பது, ஒரு கையால் மறு முழங்கையைப் பிடித்து நிற்பது, சும்மா நிற்பது என்று மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை நீக்கினேன். இதற்கு ஆன செலவு சுழியம். உருவத்தில் வந்த மாற்றமோ மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது.

முடியில் நமக்கு ஒரு லாபம்

முடி விற்கும் கடைகளில் நிறத் தொகுப்புகளாகப் பிரித்து விற்பார்கள். பொன்னிறம் ஒரு தொகுப்பு, சிவப்பு ஒரு தொகுப்பு, கறுப்பு ஒரு தொகுப்பு. எல்லாம் சேர்ந்த பெருந்தொகுப்பு பல மடங்கு விலை. நமக்கு வேண்டியது கறுப்பு ஒன்றுதான். 250 லிண்டனில் வேலை முடிந்தது. நடுவகிடு எடுத்த, பின்னால் தாழக் கட்டிய கொண்டையாகத் தேர்ந்தெடுத்தேன். நெற்றி ஓரத்தில் மண்டை தெரிந்தால் ஹேர்பேஸ் என்ற பச்சை குத்தல் அடுக்கைப் போடுங்கள், இலவசமாகவே கிடைக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. எதையும் போடும்போது 'வேர்' என்பதைத் தொடாதீர்கள், 'ஆட்' என்பதைத் தொடுங்கள். 'வேர்' கொடுத்தால் அந்த இடத்தில் ஏற்கெனவே இருப்பதைக் கழற்றிவிட்டு இதை மாட்டும். ஒரு கூட்டத்தின் நடுவே நான் கம்மலுக்கு 'வேர்' கொடுத்து முடி முழுக்கக் கழன்று நின்றிருக்கிறேன். அவசரத்தில் எதைத் திரும்பப் போடுவது என்றே தெரியவில்லை. அன்றிலிருந்து ஒவ்வோர் அலங்காரமும் முடிந்ததும் அவுட்ஃபிட்டாகச் சேமித்துவிடுகிறேன். ஒரு தொடுதலில் எல்லாம் திரும்ப வந்துவிடும்.

பிச்சிப்பூ

மல்லிகையோ பிச்சியோ சரமாக வைத்த கொண்டை எந்தக் கடையிலும் எனக்குக் கிடைக்கவில்லை. நானே செய்தேன். கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்களுக்காக முழுதாகச் சொல்கிறேன்.

வீட்டில் ஒரு முழம் பிச்சிப்பூவைக் கறுப்புத் துணி மேல் நேராக வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் போனில் படம் எடுங்கள். கிம்ப் என்ற இலவசச் செயலியில் பின்னணியை நீக்கிவிட்டு, 512-க்கு 512 அளவில் பிஎன்ஜி படமாக வையுங்கள். செகண்ட் லைஃபில் கட்ட அனுமதிக்கும் மணல்மேடு என்று சில இடங்கள் உண்டு, சேண்ட்பாக்ஸ் என்பார்கள். அங்கே போய் ஒரு டோரஸ், அதாவது வளையம் ஒன்றைக் கட்டுங்கள். அதில் பாத் கட் என்ற இடத்தில் பாதியை வெட்டிவிட்டால் பிறைபோல் ஆகும். அதன் மேல் பூப் படத்தைப் போட்டு, நீளவாக்கில் ஆறு முறை திரும்ப வரும்படி ரிப்பீட் கொடுங்கள். தலையில் மாட்டி, கொண்டையைச் சுற்றி நகர்த்திப் பொருத்துங்கள்.

இதில் ஒரு சிக்கல் வரும். முடியும் பூவும் ஒன்றுக்குள் ஒன்று மறைந்து மின்னும். இரண்டிலும் ஒளி ஊடுருவும் ஓரங்கள் இருப்பதால் எது முன்னால் என்று வியூவருக்குத் தெரியவில்லை. டெக்ஸ்சர் என்பது பொருளின் மேல் போர்த்தும் படம். பூவின் டெக்ஸ்சர் பக்கத்தில் ஆல்ஃபா மோடை 'பிளெண்டிங்'கில் இருந்து 'மாஸ்கிங்' என்று மாற்றினால் நின்றுவிடும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது.

படத்தை ஏற்ற 10 லிண்டன். ஆனால் ஏற்றும் முன்பே காசில்லாமல் பார்க்க வழியிருக்கிறது. டெக்ஸ்சர் தேர்வு செய்யும் பெட்டியில் 'லோக்கல்' என்று ஒன்று இருக்கும். அதன் வழியாக உங்கள் கணினியில் உள்ள படத்தை நேரடியாகப் போடலாம். உங்கள் கண்ணுக்கு மட்டும் தெரியும். கிம்பில் திருத்திச் சேமித்தால் அங்கேயும் தானாக மாறும். பத்துத் தடவை திருத்தி, மனதுக்குப் பிடித்த பிறகு ஒரே தடவை ஏற்றுங்கள். இது தெரியாமல் முதலில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் பத்துப் பத்தாகக் கொடுத்தேன்.

பொட்டும் இதே வழிதான். புதிய டாட்டூ அடுக்கு ஒன்றை உருவாக்கி, ஒளி ஊடுருவும் படத்தில் ஒரு சிவப்பு வட்டம் வரைந்து போட வேண்டும். வட்டம் படத்தில் எந்த இடத்தில் இருந்தால் நெற்றி நடுவில் விழும் என்பதுதான் கேள்வி. நான் துணியில் சாக்பீஸ் கோடு போடுவது போல, படம் முழுக்கக் கட்டம் கட்டி ஒவ்வொரு கட்டத்துக்கும் எண் எழுதி, லோக்கல் வழியாக முகத்தில் போட்டேன். முகம் முழுக்க எண்கள். புருவங்களுக்கு நடுவே எந்த எண் விழுந்ததோ அந்தக் கட்டத்தில் வட்டத்தை வரைந்தேன். மூக்குத்திக்கு, மருதாணிக்கு எல்லாம் இந்தக் கட்டம் உதவும், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இலவசம் கிடைக்கும் நேரம்

செகண்ட் லைஃப் கடிகாரம் அமெரிக்க மேற்குக் கரை நேரத்தில் ஓடுகிறது. அவர்களுக்குக் கோடைக்காலத்தில் நாம் பன்னிரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம், குளிர்காலத்தில் பதிமூன்றரை. அங்கே வெள்ளிக்கிழமை பிறக்கும்போது நமக்கு வெள்ளி பகல் 12:30 அல்லது 1:30. வார இறுதிச் சலுகைகளில் 300 லிண்டன் பொருள் 50, 60, 75-க்குக் கிடைக்கும். நான் மதியச் சோற்றுக்கு மெஷினை நிறுத்தும் நேரமும் அதுதான். மிட்நைட் மேனியா என்ற பலகைகளும் இருக்கின்றன. அங்கே நள்ளிரவு ஆவதற்குள் இத்தனை பேர் தொட வேண்டும் என்று ஓர் எண் இருக்கும், எட்டிவிட்டால் தொட்ட எல்லோருக்கும் பரிசு. நம் காலைப் பொழுதில் தொட்டுவிட்டு வந்தால் மதியம் பரிசு வந்திருக்கும்.

குழுக்களில் சேர உச்சவரம்பு உண்டு. ஆகவே பரிசை எடுத்துக்கொண்டு வெளியேறிவிடுங்கள். சேரக் காசு வாங்கிய குழுவில் மட்டும் இருங்கள். கச்சா என்ற குலுக்கல் பெட்டிகளை 2021 ஆகஸ்டோடு நிறுத்திவிட்டார்கள். அதில் பழைய காலத்தில் எடுத்தவர்கள் தங்களிடம் மிஞ்சியதைக் குறைந்த விலைக்கு விற்கிறார்கள். என் வெள்ளிக் கொலுசு அப்படி 15 லிண்டனுக்கு வந்தது. செருப்பு நான் வாங்கவே இல்லை. வெறும் காலும் கொலுசும் சேலைக்குப் போதும்.

எல்லா இலவசத்தையும் மாட்டிக்கொள்ளவும் கூடாது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கனம் உண்டு. கல் பதித்த நகைகள், பழைய காலத்து ஆடும் முடிகள் கனம் அதிகம். அளவு மீறினால் மற்றவர்கள் திரையில் உங்கள் உருவம் முகமே தெரியாமல் ஒரே நிறப் பொம்மையாகத் தெரியும். அத்தனை அலங்காரமும் அவர்களுக்கு இல்லை. என் 4 ஜிபி லேப்டாப்பில் மற்றவர்கள் பாதிப் பேர் எனக்கு அப்படித்தான் தெரிகிறார்கள்.

சேலை

கடைசியாக, நான் மிகவும் ஆசைப்பட்டது. எங்கள் ஊர்ச் செடிபுட்டா சேலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூவோடு கூடிய செடி உருவம் உடல் முழுக்க வரும். அதை என் அவதாருக்கு உடுத்திப் பார்க்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன். காசு மிச்சம் 400 லிண்டனுக்குக் கீழ்தான் இருந்தது.

சேலை தேடும்போது அழகைப் பார்க்காதீர்கள், அனுமதியைப் பாருங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று அனுமதி உண்டு. நகலெடுக்கலாம், மாற்றலாம், கைமாற்றலாம். நமக்கு மாற்றும் அனுமதி வேண்டும், நகலும் இருந்தால் நல்லது. ஒரு நகலைக் கெடுத்தாலும் இன்னொன்று இருக்கும். 350 லிண்டனுக்கு என் உடல் அளவுக்கே தைத்த, வெறும் பச்சை நிறத்தில் ஒரு சேலை கிடைத்தது. பார்க்கச் சாதாரணம். ஆனால் மாற்றலாம், நகலெடுக்கலாம். ஒரே சேலையில் எத்தனை வேண்டுமானாலும் சேலை நெய்துகொள்ளலாம் என்பதால் இந்தச் செலவுக்கு நான் யோசிக்கவில்லை.

என் சொந்தச் சேலை ஒன்றைக் கொடியில் சுருக்கமில்லாமல் விரித்து, வெயில் நேரடியாக விழாத நேரத்தில், ஒரு புட்டாவும் அதைச் சுற்றியுள்ள இடமும் வரும்படி படம் எடுத்தேன். அடுத்தவர் வடிவமைத்த படத்தை எடுத்துப் போடுவது திருட்டு, அதைச் செய்யாதீர்கள். படத்தை 1024-க்கு 1024 ஆக வெட்டினேன். இப்படியே திரும்பத் திரும்ப வைத்தால் ஓரங்கள் கட்டம் கட்டமாகத் தெரியும். கிம்பில் ஆஃப்செட் என்ற வசதியில் அகலத்திலும் உயரத்திலும் பாதி நகர்த்தினால் நான்கு ஓரங்களும் படத்தின் நடுவில் சிலுவையாக வந்து நிற்கும். அந்தச் சிலுவையைப் பக்கத்துத் துணியை நகலெடுத்து ஒட்டி அழிக்க வேண்டும். அழித்த பிறகு எத்தனை முறை அடுக்கினாலும் ஒட்டுத் தெரியாது.

பிறகு சேலையை வலது சொடுக்கி எடிட், அதில் செலக்ட் ஃபேஸ். சேலை ஐந்து பகுதியாக இருந்தது. உடல், கொசுவம், கரை, முந்தி, ஜாக்கெட். உடலுக்கும் கொசுவத்துக்கும் புட்டா படத்தைப் போட்டு, குறுக்கே 8, நெடுக்கே 8 என்று ரிப்பீட் கொடுத்தேன். புட்டா உள்ளங்கை அளவுக்குப் பெரிதாகத் தெரிந்ததால் 12 ஆக்கினேன். கரையையும் முந்தியையும் தனித் தனிப் படமாகப் போட்டேன். ஜாக்கெட்டுக்குப் படமே வேண்டாம், வெறும் வெள்ளையில் கரை நிறத்தைச் சாயமாகக் கொடுத்தால் போதும். எல்லாம் லோக்கலில் பார்த்துவிட்டு மூன்றே படம் ஏற்றினேன், 30 லிண்டன்.

அன்று ராத்திரி அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் இருபது வருடம் தறிக்குத் தார் சுற்றிக் கொடுத்தவள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சேல நம்ம சேலதான். முந்தில செடி தலைகீழால்லா நிக்கி" என்றாள்.

பார்த்தேன். முந்தியில் பூ கீழேயும் வேர் மேலேயும் இருந்தது. அந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்து, டெக்ஸ்சரில் ரொட்டேஷன் என்ற இடத்தில் 180 போட்டேன். அம்மா இன்னொரு தடவை குனிந்து பார்த்துவிட்டு, "இப்ப சரி" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனாள்.